காங்கேசன்துறைக்கு வரும் கப்பலை நம்பி பஸ் வாங்கலாமா?

உங்கள் கேள்வியை மூன்று தடவை வாசித்தேன். 2023 இல் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்ததையும், அந்தப் பருவம் முடிந்ததும் அது போய்விட்டதையும் சொல்லியிருக்கிறீர்கள். கப்பல் நிறுவனங்கள் ஒரு துறைமுகத்தை எதைப் பார்த்துத் தெரிவு செய்கின்றன, எதனால் கைவிடுகின்றன, இங்கிருந்தே புறப்படும் கப்பல் ஒன்று வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில்தான், தெல்லிப்பழையில் ஒரு வான் வைத்து ஓட்டுவதாகவும், லீசிங்கில் 29 ஆசனக் கோஸ்டர் பஸ் ஒன்று எடுக்க யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்: வந்த கப்பல் திரும்ப வருமா, அதை நம்பி ஐந்து வருடக் கடனில் இறங்கலாமா? அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னைய கேள்விகளை ஒழுங்காகப் பார்த்தாக வேண்டும். பொறுமையாக வாசியுங்கள்.

நான் மயிலிட்டிக்காரன். 1990 இல் ஊரை விட்டு வெளிக்கிட்டு, கொழும்பில் கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் இருபத்து மூன்று வருடம் வேலை செய்தேன். அதில் பதினொரு வருடம் பயணிகள் கப்பல் பிரிவு. கப்பல் வருவதற்கு முன் அதற்கு இறங்குதுறை, பைலட் (கப்பலைத் துறைக்குள் வழிநடத்திக் கொண்டுவருபவர்), இழுவைப் படகு, குடிதண்ணீர், குப்பை அகற்றும் லொறி, குடிவரவு அலுவலர்கள், ஊர் சுற்றும் பஸ்கள் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து, அது போன பின் செலவுக் கணக்கை எழுதி அனுப்புவதுதான் முகவரின் வேலை. பயணத் திட்டம் தீட்டும் மேசையில் நான் இருந்ததில்லை; அந்த மேசையிலிருந்து வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதும் மேசையில் இருந்தேன். அவர்கள் எதைக் கேட்டார்கள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பதிலை வைத்து எப்படி முடிவெடுத்தார்கள் என்பதில் பாதி என் ஊகம். நிச்சயத்தையும் ஊகத்தையும் பிரித்தே சொல்கிறேன்.

கப்பலுக்குத் துறைமுகம் இரண்டு வகை. ஒன்று, பயணிகள் பெட்டி படுக்கையோடு வந்து ஏறி, பயணம் முடிந்து இறங்கும் துறை. தொழிலில் அதை ஹோம் போர்ட் என்பார்கள். மற்றது இடையில் தொட்டுப் போகும் துறை. காலையில் வந்து, ஊர் பார்க்க ஆட்களை இறக்கிவிட்டு, மாலையில் கிளம்பிவிடும். 2023 ஜூனில் தொடங்கிய பயணங்களில் சென்னை முதல் வகை. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்றும் இரண்டாவது வகை. இரண்டுக்கும் கணக்கு வேறு. நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வளவு ஏமாற்றம் வருகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் கட்டினால் அது கட்டின இடத்திலேயே நிற்கும். கப்பல் அப்படி நிற்பதில்லை. இந்தத் துறையில் நாளுக்கு இவ்வளவு கிடைக்கிறது, வேறு துறைக்கு அனுப்பினால் எவ்வளவு கிடைக்கும் என்று நிறுவனம் வருடா வருடம் ஒப்பிட்டுப் பார்க்கிறது. நோர்வீஜியன் ஜோய் என்ற பெரிய கப்பலைச் சீனப் பயணிகளுக்கென்றே கட்டி 2017 இல் ஷங்காய்க்கு அனுப்பினார்கள். இரண்டே வருடத்தில், 2019 இல், அது அலாஸ்கா பயணங்களுக்குப் போய்விட்டது. கார்னிவல் ஸ்பிரிட் 2012 இல் அமெரிக்காவின் சான் டியேகோவை விட்டு சிட்னிக்குப் போனது. சான் டியேகோ துறை ஒரே இரவில் கெட்டுப்போகவில்லை. அதே கப்பலுக்கு வேறிடத்தில் கூடுதல் வருமானம் தெரிந்தது, அவ்வளவுதான்.

இதை நமது கடலுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். காங்கேசன்துறைக்கு வந்த எம்ப்ரஸ், ஒக்டோபர் முதல் மே வரை மும்பையை மையமாக வைத்து கோவா, இலட்சத்தீவு, கொச்சி என்று ஓடிய கப்பல். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவின் மேற்குக் கரையைப் போட்டு அடிக்கும். அந்தக் கடலில் உல்லாசப் பயணம் நடத்த முடியாது. நான்கு மாதம் கப்பலைச் சும்மா கட்டிப்போட்டால் மாலுமிகளுக்குச் சம்பளம், காப்புறுதி, துறைமுகக் கூலி எல்லாம் கையிலிருந்து போகும். அதனால் அதைக் கிழக்குக் கரைக்கு, சென்னைக்குக் கொண்டுவருகிறார்கள். சென்னையிலிருந்து எங்கே போகலாம் என்று பார்க்கும்போதுதான் இலங்கை வருகிறது. ஆக, காங்கேசன்துறைக்கு முதலில் கப்பலைத் தள்ளிக்கொண்டு வந்தது மும்பையின் மழை. செப்டெம்பர் முடிய அது திரும்பிப் போனதில் நமது துறைக்கோ நமது உபசரிப்புக்கோ ஒரு குறையும் இல்லை. மும்பையில் மழை விட்டது.

நமது ஊரில் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களை வைத்தே மிச்சத்தையும் சொல்லிவிடலாம். சோளகம் வீசும் காலத்தில் காற்று தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. காங்கேசன்துறை வடக்கைப் பார்த்த கரை. காற்றுக்கும் கடலுக்கும் நடுவில் குடாநாடே மறைப்பாகக் கிடப்பதால் கரையோரம் ஓரளவு அடங்கியிருக்கும். மும்பைக் கடலைக் கலக்கும் அதே காற்று நமது துறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. வாடை தொடங்கினால் எல்லாம் தலைகீழ். கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து வரும் அலை நேரே துறை வாயில் வந்து மோதும். மயிலிட்டியில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாகபட்டினம் படகுச் சேவையும் இதற்குத் தப்பவில்லை. 2023 ஒக்டோபர் 14 இல் செரியாபாணி என்ற கப்பலுடன் தொடங்கி, ஒரு கிழமைக்குள் காலநிலையால் நின்றது. 2024 ஓகஸ்ட் 16 இல் சிவகங்கை என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கி, அந்த வருட வாடைக்கு நின்று, 2025 பெப்ரவரியில் திரும்ப ஓடத் தொடங்கியது.

கெட்ட காலம் என்னவென்றால், ஐரோப்பாவிலிருந்து பெரிய நிறுவனங்களின் கப்பல்கள் இந்து சமுத்திரத்துக்கு வருவது நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான். அங்கே குளிர், இங்கே கொழும்பிலும் காலியிலும் நல்ல வெயில். அந்தப் பருவத்தின் முன்பாதி அப்படியே நமது வாடைக்காலம். ஒரு துறையைத் திட்டத்தில் போட்டு, டிக்கெட் விற்று, கடைசியில் அலை காரணமாக இறங்க முடியாமல் திரும்பினால் பயணிகள் கோபப்படுவார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். ஒரு துறையில் பத்துத் தடவை போனால் எத்தனை தடவை இறங்க முடியாமல் போகும் என்பது என்னிடம் எழுத்தில் கேட்கப்பட்ட கேள்வி. இது ஊகமில்லை, திருகோணமலைக்கும் காலிக்கும் நானே பதில் எழுதியிருக்கிறேன். காலியில் பெரிய கப்பல் வெளியே நங்கூரமிட்டு, சிறு படகுகளில்தான் ஆட்களை இறக்க வேண்டும். அலை சற்று உயர்ந்தாலும் படகு மேடையில் முதியவர்களுக்குக் கால் வைக்க முடியாது.

அடுத்தது தூரமும் வேகமும். நம்மவர்கள் அதிகம் பேசாத, ஆனால் திட்டம் தீட்டுகிறவர்கள் முதலில் பார்க்கும் விடயம் இது. கப்பலின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், இயந்திரத்திடம் கேட்கும் வலு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். எரிபொருள்தான் பெரிய செலவுகளில் ஒன்று. அதனால் மாலை கிளம்பி, இரவு முழுக்க ஆறுதலாக ஓடி, காலையில் அடையக்கூடிய துறைகளைத்தான் தேடுவார்கள். சென்னைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் சுமார் 200 கடல் மைல். மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் போனால் பதின்மூன்று, பதினான்கு மணித்தியாலம். மாலை ஆறுக்குக் கிளம்பினால் காலை எட்டுக்கு வெளிச்சவீடு தெரியும். அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தும் தூரம். எம்ப்ரஸ் கப்பலே 1990 இல் மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று, நான்கு இரவுப் பயணங்களுக்கென்று கட்டப்பட்டது. 211 மீட்டர் நீளம், ஏறத்தாழ 1,800 பயணிகள். சிறு பயணத்துக்குப் பிறந்த கப்பல், சிறு தூரத்தில் ஒரு துறை. காங்கேசன்துறையின் மிகப் பெரிய பலம் இந்த 200 மைல்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் அதே துறையிலிருந்து புறப்பாடு நடத்துவது வேறு விடயம். ஒரு காலையை மட்டும் சொல்கிறேன். கொழும்பில் ஒரு ஜனவரி மாதம், ஒரு பெரிய கப்பலில் 600 பேர் இறங்கி வேறு 600 பேர் ஏறும் நாள். ஐந்து மணிக்கு பைலட் ஏறினார். ஆறரைக்குக் கயிறு கட்டியாயிற்று. இறங்குகிறவர்களின் பெட்டிகள் முதல்நாள் இரவே சேர்க்கப்பட்டு நிறத் துண்டு கட்டி வைக்கப்பட்டிருந்தன. சிவப்பு காலை விமானம், பச்சை மாலை விமானம், மஞ்சள் ஹோட்டல். இன்னொரு பக்கம் உணவுப் பொருள் லொறிகள். கப்பலின் களஞ்சியப் பொறுப்பாளர் ஒரு வெப்பமானியோடு வந்து உறைந்த இறால் பெட்டி ஒன்றைத் திறந்து குத்திப் பார்த்தார். மைனஸ் 18 பாகை காட்ட வேண்டிய இடத்தில் மைனஸ் 11 காட்டியது. ஒரு வார்த்தை பேசாமல் முழு லொறியையும் திருப்பி அனுப்பினார். எனக்கு வியர்த்தது. ஆனால் வேறொரு களஞ்சியத்தைப் பிடித்து, இரண்டரை மணித்தியாலத்தில் மாற்று லொறி வாயிலுக்கு வந்துவிட்டது. கொழும்பு என்பதால் வந்தது. புறப்பாட்டுத் துறைக்கு இறங்குதுறை மட்டும் போதாது. அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய நகரம் நிற்க வேண்டும்.

இப்போது யாழ்ப்பாணத்தை வைத்துப் பாருங்கள். பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்து போவது எழுபது பேரளவில் ஏறும் ஏ.டி.ஆர். விமானம். 1,800 பேரை விமானத்தில் கொண்டுவர வேண்டுமானால் அப்படி இருபத்தைந்து விமானம் வேண்டும். அதே நாளில் இறங்குகிறவர்களைக் கொண்டுபோக இன்னும் இருபத்தைந்து. வெளிநாட்டுப் பயணிகளை விட்டுவிட்டு, தரை வழியாக வருகிறவர்களை நம்பலாமா? அமெரிக்காவில் கல்வெஸ்டன் துறை டெக்சாஸ் மாநிலத்தவர்கள் சொந்தக் காரில் வந்து ஏறுவதால்தான் செழித்தது. சென்னைக்கும் அதே வசதி உண்டு. பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் இரவு ரயிலில் வந்து ஏறலாம். வடமாகாணத்தின் சனத்தொகை பத்து இலட்சத்தைச் சுற்றியது. அதில் கிழமைக்கு 1,800 பேர் கப்பல் டிக்கெட் வாங்குவார்கள் என்று எந்த நிறுவனமும் கணக்கெழுதாது. புலம்பெயர்ந்தவர்கள் வருவார்கள்தானே என்று கேட்பீர்கள். வருவார்கள், ஆனால் அம்மாவையும் கோயிலையும் பார்க்க வருகிறவர்கள். மூன்று வார விடுமுறையில் நான்கு நாளைக் கப்பலுக்குக் கொடுப்பவர்கள் சிலர் இருக்கலாம், கிழமைதோறும் கப்பலை நிரப்ப அவர்கள் போதாது. இது என் மதிப்பீடு. எதிர்காலத்தில் தவறாகிப்போனால் என்னை விட மகிழ்பவர் இருக்க மாட்டார்.

கைவிடுவது பற்றிக் கேட்டீர்கள். எனக்கு இதில் மறக்க முடியாத உதாரணம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கும் மொபைல் நகரம். 2004 இல் அந்த நகரம் 2 கோடி டொலருக்கு மேல் கடன்பட்டு ஒரு பயணிகள் முனையம் கட்டியது. கார்னிவல் நிறுவனத்தின் கப்பல் வந்தது. ஆட்களுக்குக் குறைவில்லை, கப்பல் நிறைந்தே போனது. ஆனாலும் 2011 ஒக்டோபரில் அது நியூ ஓர்லியன்ஸுக்குப் போய்விட்டது. எரிபொருள் விலை ஏறியிருந்தது. மற்றத் துறைகளில் கிடைக்கும் டிக்கெட் விலை மொபைலில் கிடைக்கவில்லை. கப்பல் போனது, கடன் நகரத்திடம் நின்றது. ஐந்து வருடம் கழித்து, 2016 இல், வேறொரு கப்பல் திரும்ப வந்தது. பஸ் கடனைப் பற்றிக் கேட்கும் உங்களுக்கு இந்தக் கதையில் கவனிக்க ஒன்று இருக்கிறது: கப்பல் நிறைகிறதா என்பது ஒரு கேள்வி, நிறைந்த கப்பலில் ஒருவரிடமிருந்து எவ்வளவு கிடைக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதுதான் தீர்மானிக்கிறது. கரையில் நின்று பார்க்கிற நமக்கு முதலாவது மட்டும்தான் தெரியும்.

கல்வெஸ்டன் இருக்கும் அதே டெக்சாஸில் உள்ள ஹூஸ்டனின் கதை இன்னும் கடுமையானது. பேபோர்ட் என்ற இடத்தில் பெரும் செலவில் அழகான முனையம் ஒன்றைக் கட்டி 2008 அளவில் முடித்தார்கள். பல வருடம் ஒழுங்கான சேவை ஒன்றும் வரவில்லை. 2013 க்குப் பிறகு இரண்டு நிறுவனங்கள் வந்தன. 2016 இல் இரண்டும் போய்விட்டன. முனையத்தில் பிழை இல்லை. திறந்த கடலுக்குப் போகக் கப்பல் கால்வாயில் சில மணித்தியாலம் மெதுவாக நகர வேண்டும். கல்வெஸ்டன் கடலின் வாயிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் அந்த மணித்தியாலங்கள் எரிபொருளாகவும், அடுத்த துறையில் குறையும் நேரமாகவும் செலவாகும். கட்டடத்தைப் பார்த்துக் கப்பல் வருவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சில துறைகளில் ஊரே வேண்டாம் என்று சொல்லும். வெனிஸில் 2021 ஓகஸ்ட் முதல் 25,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நகரின் முகப்பு வழியாக வரக்கூடாதென்று இத்தாலிய அரசு தடை போட்டது. கப்பல்கள் மார்கெராவுக்கும் ராவென்னாவுக்கும் திரியெஸ்தேக்கும் பிரிந்தன. 2022 ஜூனில் இதே எம்ப்ரஸ் கப்பலைப் புதுச்சேரி ஏற்கவில்லை. கப்பலில் உள்ள சூதாட்டக் கூடம் ஊரின் பண்பாட்டைக் கெடுக்கும் என்று எதிர்ப்பு எழுந்தது. வேறு இடங்களில் காரணம் வேறு. அமெரிக்காவின் பால்டிமோரில் 2024 மார்ச்சில் பாலம் உடைந்து விழுந்ததும் கப்பல்கள் சில வாரங்களுக்கு நோர்ஃபோக் துறைக்கு மாறின. அதே நாட்டின் டம்பா துறைக்குப் போகும் வழியில் உள்ள பாலத்தின் உயரம் 55 மீட்டர். அதைவிட உயர்ந்த கப்பல் உள்ளே போகவே முடியாது. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும், அந்த வழியாக ஆசியாவுக்கு வரவிருந்த பயணங்கள் பல மாற்றப்பட்டன. கொழும்பில் இருந்தவர்கள் செய்த பிழை இதில் ஒன்றுமே இல்லை.

சட்டமும் துறையைத் தெரிவு செய்யும். அமெரிக்காவில் 1886 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைகளுக்கு இடையில் மட்டும் பயணிகளைக் கொண்டுபோவதைத் தடுக்கிறது. அதனால்தான் சியாட்டிலில் கிளம்பி அலாஸ்கா போகும் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவை ஒரு மாலையாவது தொட்டுவிட்டு வருகின்றன. விக்டோரியா அழகான ஊர்தான், ஆனால் கப்பலை அங்கே இழுப்பது அந்தப் பழைய சட்டம். சூதாட்டக் கூடமும் தீர்வையற்ற கடையும் பொதுவாகக் கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டினால்தான் திறக்கும். டிக்கெட் விலையை விடக் கப்பலுக்குள் செலவழிக்கும் காசுதான் இலாபத்தைக் காப்பாற்றும் என்பதால், இரவில் திறந்த கடல் கிடைக்கிற பாதைக்கு ஒரு மதிப்பு உண்டு. சென்னையிலிருந்து நமது கரைக்கு வரும் வழியின் பெரும்பகுதியில் அது கிடைக்கிறது. இதைச் சரி என்றோ பிழை என்றோ நான் இங்கே சொல்ல வரவில்லை. கணக்கில் இருப்பதால் சொல்கிறேன்.

சிறு காரணங்களையும் அலட்சியப்படுத்தாதீர்கள். நான் வேலை செய்த காலத்தில், ஒரு துறையில் 900 பேர் இறங்கினார்கள். கடவுச்சீட்டுப் பார்க்க இரண்டு மேசை போடப்பட்டிருந்தது. நிழல் இல்லை. தார் உருகும் வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் வரிசை நகரவில்லை. நீலத் தொப்பி போட்ட ஒரு முதியவர் முழங்கால் மடங்கிச் சரிந்தார். பின்னால் நின்ற பெண் தன் கைப்பையை அவர் தலைக்குக் கீழே வைத்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த வருட அட்டவணை வந்தபோது அந்தத் துறையின் பெயர் அதில் இருக்கவில்லை. காரணம் எழுதி வரவில்லை, அப்படி எழுதுவதும் இல்லை. ஒவ்வொரு துறைக்கும் பயணிகள் புள்ளி போடுகிறார்கள், அந்தப் புள்ளி திட்ட மேசைக்குப் போகிறது. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த வரிசைதான் பெயரை அழித்தது என்பது என் முடிவு.

காங்கேசன்துறையின் ஆழம் பற்றியும் கேட்பீர்கள். எம்ப்ரஸ் அளவுக் கப்பல் தண்ணீருக்குள் ஏழு மீட்டருக்கு மேல் அமிழ்ந்திருக்கும். அதற்குக் கீழேயும் அலைக்கு ஏற்ற இடைவெளி வேண்டும். துறையை எட்டு மீட்டர் வரை ஆழப்படுத்துவதும், அலைதடுப்பைச் சீரமைப்பதும் திட்டத்தில் இருப்பவை. இந்தியா 2018 இல் இதற்கு 4.5 கோடி டொலர் அளவில் கடனாகத் தர உடன்பட்டு, 2024 இல் 6.15 கோடி டொலர் நன்கொடையாக மாற்றியது. அந்த வேலை முடிந்தால் வாடைக்காலத்து நிலைமையும் சற்று மாறும். ஆனால் ஹூஸ்டனை மறக்க வேண்டாம். ஆழம் ஒரு கதவைத் திறக்கும். யார் உள்ளே வருவார்கள் என்பதை மேலே சொன்ன கணக்குகள்தான் தீர்மானிக்கும்.

அப்படியானால் யார் வருவார்கள்? என் பார்வையில், நமது துறையின் இயல்பான பயணி தமிழ்நாட்டுக்காரர். ஜூன் முதல் செப்டெம்பர் வரையிலான சென்னைப் பருவத்தில்தான் நயினாதீவு அம்மன் திருவிழா வருகிறது, கீரிமலையில் ஆடி அமாவாசை வருகிறது, நல்லூரின் இருபத்தைந்து நாள் உற்சவம் வருகிறது. காங்கேயன் என்ற முருகனின் சிலை வந்திறங்கியதால் காங்கேசன்துறை என்று பெயர் வந்ததாகச் சொல்லும் மாவிட்டபுரம் கோயில் துறையிலிருந்து சில நிமிடம். நகுலேஸ்வரமும் கீரிமலைக் கேணியும் பக்கத்தில். நல்லூரும் கோட்டையும் நூலகமும் இருபது கிலோமீற்றருக்குள். காலை எட்டுக்கு வந்து மாலை நான்குக்குக் கிளம்பும் கப்பலுக்கு இதைவிட அடக்கமான சுற்று எங்கும் கிடைக்காது. நயினாதீவை மட்டும் அந்த எட்டு மணித்தியாலத்துக்குள் திணிக்காதீர்கள். குறிகட்டுவான் வரை பஸ், பிறகு படகு, திரும்பவும் அதே வழி. ஒரு பஸ் பிந்தினால் கப்பல் பிந்தும். கப்பல் பிந்தினால் நான் சொன்ன அந்தப் புள்ளி குறையும்.

இனி உங்கள் பஸ். கப்பல் கிழமைக்கு ஒரு தடவை, நான்கு மாதமும் தவறாமல் வருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு அல்லது பதினேழு நாள் ஓட்டம். லீசிங் தவணை பன்னிரண்டு மாதமும் வரும். பதினாறு நாள் கூலியில் பன்னிரண்டு தவணை கட்ட முடியாது. ஆகவே கப்பலை நம்பி எடுக்க வேண்டாம் என்பதே என் தெளிவான பதில். பலாலி விமானம், நாகபட்டினம் படகு, நல்லூர்க் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்கள், பாடசாலைச் சுற்றுலா, கலியாண வீடு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் மாதம் மாதமாக எழுதிப் பாருங்கள். கடந்த பன்னிரண்டு மாதத்தில் 29 ஆசனம் கேட்டு வந்து, வான் போதாது என்று நீங்கள் திருப்பி அனுப்பிய ஓட்டங்கள் எத்தனை? அந்த எண்ணிக்கையால் தவணை கட்ட முடிந்தால் எடுங்கள். கப்பல் வரும் நாட்கள் மேலதிகமாக இருக்கட்டும்.

கப்பல் வரும் நாளில் உங்களுக்கு வேலை கிடைக்க வேண்டுமானால் பஸ்ஸை விடப் பட்டியல்தான் உதவும். 1,200 பேர் ஊர் பார்க்க இறங்கினால் நாற்பது ஆசனக் கணக்கில் முப்பது பஸ் ஒரே காலையில் வாயிலில் நிற்க வேண்டும். முகவர் ஒவ்வொரு வண்டிக்காரரையும் தேடி அலைய மாட்டார்; முப்பதையும் சேர்த்துத் தரும் ஒருவரிடம்தான் பேசுவார். உள்ளூரில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால் முதல்நாள் இரவே கொழும்பிலிருந்து பஸ்கள் ஏ-9 வழியாக வந்துவிடும். சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, சங்கானை வண்டிக்காரர்கள் சேர்ந்து, வாகன இலக்கம், ஆசன எண்ணிக்கை, குளிரூட்டி, பயணிகள் காப்புறுதி முடியும் திகதி, சாரதியின் பெயர், தமிழோடு ஆங்கிலமோ ஹிந்தியோ பேசும் வழிகாட்டி இருக்கிறாரா என்பதை ஒரே தாளில் எழுதி வையுங்கள். கப்பல் நிறுவனங்கள் அட்டவணையை ஒரு வருடத்துக்கும் மேல் முன்கூட்டியே போடுவதால், கப்பல் தெரியும்போது ஓடுவதில் பயனில்லை. மார்கழியில் வாடை அடித்துக்கொண்டிருக்கும்போது அந்தத் தாள் முகவரின் கையில் இருக்க வேண்டும். நீங்கள் ஆட்களைச் சேர்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். முகவர் கேட்கும் விபரங்களை ஒரு படிவமாக வரிசைப்படுத்தி நான் எழுதித் தருகிறேன்.